பெருநாள் பல கண்ட பயணர்

பெருநாள் வருங்கால் மக்கள் மனம் தத்தம் இல்லத்தையே நாடும். தொலைவிலுள்ள ஊர்களில் தொழில் செய்வோரும் கல்வி பயில்வோரும் அந்நாளில் எவ்வாறேனும் வீடு திரும்பிப் பெற்றோரையும் உற்றாரையும் கண்டு மகிழ விரும்புவர். இஃது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான இயல்பாகும். ஆனால், இருபத்தோராம் வயதில் பெற்றோரைப் பிரிந்து சென்று, கால் நூற்றாண்டுக் காலம் பெருநாட்களையெல்லாம் வேற்று நாடுகளிலேயே கழித்த பெரியார் ஒருவர் இருந்தார். பாலைவனத்திலும் பனிநாட்டிலும், அரசர் அவையிலும் ஆழ்கடல் தீவிலும் அவர் பிறை கண்டார், நோன்பு துறந்தார், பெருநாள் தொழுகையில் நின்றார். அவரே உலகப் புகழ் பெற்ற பயணராகிய இப்னு பதூதா ஆவார். அவர் வரலாற்றை அறிவதன் வாயிலாக, முஸ்லிம் மக்களின் பெருநாட்களையும் அவை உணர்த்தும் உண்மைகளையும் நாம் ஒருங்கே அறியலாம்.

பிறப்பும் புறப்பாடும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் மொராக்கோ என்னும் நாடு உள்ளது. அந்நாட்டின் தாஞ்சியர் என்னும் துறைமுக நகரத்தில் கி. பி. 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இப்னு பதூதா பிறந்தார். அவர் குடும்பத்தில் காதிகள் பலர் தோன்றியிருந்தனர். காதி என்பவர் இஸ்லாமியச் சட்டப்படி வழக்குகளைத் தீர்த்துவைக்கும் நீதிபதி ஆவார். இப்னு பதூதாவும் அக்குல வழக்கப்படி சட்ட நூல்களைக் கற்றார்.

வசதியும் உடல்வலிமையும் உள்ள ஒவ்வொரு முஸ்லிமும் வாழ்நாளில் ஒரு முறையேனும் மக்காவுக்குச் சென்று ஹஜ் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்பது இஸ்லாத்தின் விதி. அக்கடமையை இளமையிலேயே முடித்துவிட வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. 1325ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அவர் தன்னந்தனியராய்ப் புறப்பட்டார். உடன்செல்லத் தோழர் இலர். சேர்ந்து செல்ல யாத்திரைச் சாத்தும் இல்லை. பறவைக் குஞ்சு கூட்டை விட்டுப் பறப்பது போல அவர் வீட்டை விட்டுச் சென்றார். தாயும் தந்தையும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்குப் பெருந்துயரமாயிற்று. அவர்களும் அவ்வாறே வருந்தினர். ஓரிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும், அவர் மீண்டும் அவ்வூரைக் கண்டபோது இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

தூனிசில் கண்ணீர்

வழியில் இப்னு பதூதாவைக் கடுங்காய்ச்சல் பற்றியது. எங்கேனும் தங்கி இளைப்பாறலாம் என்று நண்பர் கூறியதை அவர் ஏற்கவில்லை. சோர்வினால் விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். இந்நிலையில் அவர் தூனிஸ் நகரத்தை அடைந்தார். நகர மாந்தர் எதிர்கொண்டு வந்து, சாத்தில் வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராய் வரவேற்றனர். இப்னு பதூதாவை வரவேற்பார் ஒருவரும் இல்லை. அங்கு அவரை அறிந்தவர் எவரும் இல்லையன்றோ! தனிமையின் துன்பம் அவர் நெஞ்சைப் பிளந்தது. அவர் வாய்விட்டு அழுதார். அதனைக் கண்ட யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து, முகமன் கூறி, அன்பு காட்டித் தேற்றினார்.

தூனிசில் அவர் இருந்தபோது நோன்புப் பெருநாள் வந்தது. வீட்டுக்கு வெளியே அவர் கண்ட முதற் பெருநாள் அதுவே. மக்கள் அழகிய ஆடை அணிந்து தொழுகைத் திடலில் பெருந்திரளாய்க் கூடினர். அந்நாட்டுச் சுல்தான் குதிரைமேல் வந்தார். அவருடைய சுற்றத்தாரும் அமைச்சரும் நடந்து வந்தனர். தொழுகை முடிந்தது, பேருரையும் முடிந்தது, மக்கள் தத்தம் இல்லம் சென்றனர். நோயுற்றிருந்த இளைஞர் அத்திரளின் நடுவே தாமும் ஒருவராய் நின்று தொழுதார்.

சில நாட்களில் மக்காவுக்குச் செல்லும் சாத்தினர் அவரையே தங்கள் காதியாகத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டின் ஹஜ்ஜுப் பெருநாள், திரிப்போலிக்குச் செல்லும் நெடுவழியில் தங்குமிடம் ஒன்றில் அவருக்குக் கழிந்தது.

பிறை காணும் விழா

இஸ்லாமிய ஆண்டு சந்திரனின் இயக்கத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. பிறை தோன்றும் மாலையில் திங்கள் தொடங்கும். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆகும். ஞாயிற்றைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிட அது பதினொரு நாள் குறைந்தது. ஆதலின், முஸ்லிம்களின் பெருநாட்கள் ஆண்டுதோறும் சற்று முன்னதாகவே வந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். ஒரு காலத்தில் கோடையில் வரும் நோன்பு, பிறிதொரு காலத்தில் குளிரில் வரும். இப்னு பதூதாவின் நெடும்பயணத்தில் பெருநாள் வேனிலிலும் வந்தது, குளிரிலும் வந்தது.

ஆண்டின் ஒன்பதாம் திங்கள் ரமலான். அத்திங்கள் முழுவதும் முஸ்லிம்கள் வைகறை முதல் ஞாயிறு மறையும் வரை உணவும் நீரும் கொள்ளாது நோன்பு நோற்பர். நோயாளரும் வழிப்பயணம் செய்வோரும் வேறு நாட்களில் அந்நோன்பை நோற்கலாம். எனவே, பிறை கண்டு ரமலானை வரவேற்பது மக்களுக்குப் பெருமகிழ்ச்சி தரும் நிகழ்ச்சியாகும். எகிப்து நாட்டில் அபியார் என்னும் ஊரில் அது நிகழும் முறையை இப்னு பதூதா விரித்துரைத்துள்ளார். முந்திய திங்களின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் ஊர்ப் பெரியோர் காதியின் இல்லத்தில் கூடுவர். பின்னர்க் காதியும் பெரியோரும் குதிரை முதலியவற்றின்மீது ஏறிச் செல்ல, ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் பின்தொடர்வர். ஊர்ப்புறத்தே உயர்ந்ததோர் இடத்தில் கம்பளங்கள் விரிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து அனைவரும் மேற்கு வானை நோக்குவர். மாலைத் தொழுகைக்குப் பின் தீவட்டிகளும் மெழுகுவத்திகளும் ஒளிவிட அவர்கள் ஊர் திரும்புவர். வணிகர் தம் கடைகளில் விளக்கேற்றி வைப்பர். ஊர் முழுவதும் ஒளி வெள்ளமாய்த் திகழும்.

தமஸ்குவில் நோன்பு

செங்கடல் வழியே மக்காவுக்குச் செல்ல இப்னு பதூதா முயன்றார். அங்கே போர் நிகழ்ந்தமையால் வழி அடைபட்டது. அவர் திரும்பிச் சிரியா நாட்டின் வழியே சென்று, 1326ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமஸ்கு நகரத்தை அடைந்தார். அஃது அவ்வாண்டு ரமலான் நோன்புக் காலம்.

தமஸ்கு மக்களின் வழக்கம் ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ரமலான் மாலைகளில் அந்நகரில் எவரும் தனியே நோன்பு துறப்பதில்லை. செல்வர் தம் நண்பரையும் ஏழைகளையும் அழைத்து உடன் உண்பர். அவ்வாறு அழைக்க இயலாத எளியோர், தம்மிடம் உள்ளதை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டிலோ பள்ளிவாசலிலோ கூடுவர். அனைத்தையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்து உண்பர். பசித்திருத்தல் நோன்பின் ஒரு பாதி. பசித்தவரோடு பகிர்ந்துண்ணுதல் அதன் மறு பாதி என்பதை அவ்வழக்கம் விளக்கிற்று.

அந்நகரில் அறக்கட்டளைகள் மிகப் பல. ஒரு நாள் தெருவில் அடிமைச் சிறுவன் ஒருவன் சீனக் களிமண் தட்டு ஒன்றைக் கைதவறி உடைத்துவிட்டான். தலைவன் தண்டிப்பானே என்று அவன் நடுங்கினான். கூடி நின்றோர், உடைந்த துண்டுகளைத் திரட்டிக்கொண்டு அறநிலையம் ஒன்றற்குச் செல்லுமாறு அவனுக்குக் கூறினர். இவ்வாறு உடையும் கலங்களுக்கு விலை கொடுப்பதற்கென்றே ஒரு செல்வர் அறக்கட்டளை வைத்திருந்தார். சிறுவன் பணம் பெற்றுப் புதுத் தட்டு வாங்கிச் சென்றான். நொந்த நெஞ்சத்திற்கு மருந்தாகும் அறம் இஃது என்று இப்னு பதூதா வியந்தார்.

அவரும் அந்நகரின் அன்பை நுகர்ந்தார். நூருத்தீன் என்னும் பேராசிரியர் நோன்பு துறக்க நாள்தோறும் தம் இல்லத்திற்கு வருமாறு அவரை அழைத்தார். நான்கு நாட்களுக்குப் பின் இப்னு பதூதா மீண்டும் காய்ச்சலுற்றார், செல்ல இயலவில்லை. பேராசிரியர் அவரைத் தம் இல்லத்திற்கே வருவித்து, மருத்துவரைக் கொண்டு மருந்தளித்து, பெருநாள் வரையில் பேணிக் காத்தார். பெருநாளன்று இப்னு பதூதா நலம் பெற்றுத் தொழுகைத் திடலுக்குச் சென்றார். வழிச்செலவுக்குப் பொருளின்றி இருந்த அவருக்கு ஒட்டகமும் உணவும் பணமும் தந்து பேராசிரியர் வழியனுப்பினார். முந்திய ஆண்டு தூனிசில் ஆதரவற்று அழுத இளைஞர், இவ்வாண்டு அயலார் ஒருவரின் அன்பினால் பெருநாளைக் கண்டார்.

நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்றும் கூறுவர். வசதியுள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் இல்லத்திலுள்ளோர் ஒவ்வொருவருக்காகவும் ஓரளவு தானியத்தையோ அதன் விலையையோ பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு வழங்கிவிட வேண்டும். பெருநாளன்று எவரும் பசித்திருத்தல் கூடாது என்பதே இதன் நோக்கம். அன்று காலையில் நீராடி, தூய ஆடை அணிந்து, நறுமணம் பூசி, இறைவனின் பெருமையை ஓதிக்கொண்டு தொழுகைக்குச் செல்வர். தொழுகையும் பேருரையும் முடிந்தபின் ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துவர்; பகைமை மறந்து உறவினர் இல்லங்களுக்குச் செல்வர்.

மக்காவில் தியாகத் திருநாள்

1326ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இப்னு பதூதா தம் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். பன்னிரண்டாம் திங்களாகிய துல்ஹஜ்ஜின் ஒன்பதாம் நாள், யாத்திரிகர் அனைவரும் மக்காவை அடுத்த அரஃபாத் வெளியில் கூடி நின்று இறைவனை வேண்டுவர். ஆடவர் தைக்கப்படாத இரண்டு துணிகளையே உடுத்தியிருப்பர். அரசனும் ஆண்டியும் அங்கு ஒரே கோலத்தினர். எவர் உயர்ந்தவர், எவர் தாழ்ந்தவர் என்று காண இயலாது. மறுநாள் அவர்கள் மினா என்னும் இடத்திற்கு வந்து ஆடு, ஒட்டகம் முதலியவற்றைப் பலியிடுவர்.

அப்பத்தாம் நாளே உலகெங்கும் ஹஜ்ஜுப் பெருநாளாகக் கொண்டாடப்படுகிறது. இறைவன் ஆணையை ஏற்றுத் தம் அருமை மைந்தரையே பலியிட இப்ராகீம் நபி துணிந்தார். இறைவன் அம்மைந்தரைக் காத்து, அவருக்கு ஈடாக ஓர் ஆட்டைப் பலியிடச் செய்தான். அத்தியாகத்தை நினைவுகூர்வதே இத்திருநாள். பலியிட்ட இறைச்சியை மூன்று கூறாக்கி, ஒன்றை ஏழைகளுக்கும், ஒன்றைச் சுற்றத்தார்க்கும் நண்பர்க்கும் அளித்து, எஞ்சியதைத் தமக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

பின்னரும் இப்னு பதூதா பன்முறை மக்காவுக்கு வந்தார். சில ஆண்டுகள் அங்கேயே தங்கிக் கல்வி பயின்றார். அங்கு ரமலான் பிறை தோன்றியதும் முரசுகள் முழங்கும், புனிதப் பள்ளியில் புதுப்பாய்கள் விரிக்கப்படும், விளக்குகள் பெருகும். பள்ளியின் தூபிகளில் மரக்கம்பங்களை நட்டு, அவற்றில் பெரிய கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிடுவர். வைகறை நெருங்கியதும் அவ்விளக்குகளை இறக்கிவிடுவர். பாங்கொலி கேளாத தொலைவில் வாழ்வோரும் தம் வீட்டு மாடியிலிருந்து நோக்கி, விளக்கு மறைந்தது கண்டு உண்பதை நிறுத்துவர். கேளாதவரையும் நினைந்து செய்த இவ்வேற்பாடு போற்றத்தக்கதன்றோ? நபிகள் நாயகம் பிறந்த நாளில் கஃபாவின் கதவு திறக்கப்படும் என்பதையும் அவர் எழுதியுள்ளார்.

லாதிக்கும் தில்லியும்

ஹஜ் கடமை முடிந்தது. ஆயினும், இப்னு பதூதாவின் கால்கள் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. சென்ற வழியே மீண்டும் செல்லலாகாது என்பதை இயன்றவரை தம் கொள்கையாகக் கொண்டு அவர் நாடு பல சுற்றினார். ஈராக்கு, பாரசீகம், யெமன், கிழக்காப்பிரிக்கக் கடற்கரை, இன்றைய துருக்கி ஆகிய இடங்களைக் கண்டார்.

துருக்கியில் லாதிக் என்னும் நகரில் அவர் ஒரு நோன்புப் பெருநாளைக் கண்டார். அது இன்று தெனிஸ்லி என வழங்குகிறது. பெருநாள் காலையில் ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்தாரும் தத்தம் கொடியேந்தி, எக்காளமும் முரசும் முழங்க அணியணியாய் வந்தனர். மாடுகளையும் ஆடுகளையும் ரொட்டிச் சுமைகளையும் கொண்டுவந்து, அவற்றை ஏழைகளுக்கு ஈந்தனர். தொழுகைக்குப் பின் சுல்தானின் அரண்மனையில் அறிஞர்க்கு ஒரு பந்தியும் ஏழைகளுக்கு ஒரு பந்தியும் வைக்கப்பட்டன. செல்வராயினும் வறியராயினும் அன்று அவ்வாயிலிலிருந்து எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

1333ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அவர் சிந்து ஆற்றை அடைந்தார். அன்று இஸ்லாமிய ஆண்டின் முதல் திங்களாகிய முகர்ரம் திங்களின் முதல் நாள். தில்லியில் ஆண்ட முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக அமர்த்தி, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியம் அளித்தார். தில்லிப் பெருநாளின் பகட்டை அவர் வேறெங்கும் கண்டிலர். பெருநாளுக்கு முன்னாளில் அரசர் அதிகாரிகளுக்கெல்லாம் ஆடைகள் அனுப்புவார். யானைகள் பட்டாலும் பொன்னாலும் மணிகளாலும் அணி செய்யப்படும். மணிகள் பதித்த பட்டுக்குடைகளின் கீழ் அரசர் யானைமேல் ஊர்ந்து செல்வார். ஹஜ்ஜுப் பெருநாளாயின் அவர் தம் கையாலேயே ஒட்டகம் ஒன்றைப் பலியிடுவார்.

ஆயினும், அப்பகட்டினும் மேலான ஒரு பணி இப்னு பதூதாவுக்கு வாய்த்தது. இறந்துபோன சுல்தான் ஒருவரின் கல்லறை அறநிலையம் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அங்கு நாள்தோறும் ஏழைகளுக்கு உணவு சமைக்கப்பட்டது. இரண்டு பெருநாட்களிலும், நபிகள் நாயகம் பிறந்த நாளிலும், முகர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூராவிலும், ஷஃபான் திங்களின் நடு இரவிலும் அவ்வுணவு மிகுதியாகச் சமைத்து வழங்கப்பட்டது. அக்காலத்தில் தில்லியைச் சூழ்ந்த நாடுகளில் கொடும்பஞ்சம் பரவியிருந்தது. பசியால் வாடி வந்த பலர் அங்கே உணவு பெற்றனர்.

அரசர் அவை, வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வரும் இடம். அரசரின் சினத்துக்கு ஆளான துறவி ஒருவரைக் கண்டு வந்தமைக்காக இப்னு பதூதா காவலில் வைக்கப்பட்டார். உயிருக்கே ஊறு நேருமோ என்று அஞ்சிய அவர், ஐந்து நாள் நோன்பிருந்து திருமறை ஓதினார். விடுதலை பெற்றபின் தம் பொருளையெல்லாம் ஏழைகளுக்கு ஈந்துவிட்டுத் துறவி ஒருவரிடம் சில திங்கள் தொண்டு செய்தார். பின்னர் அரசர் அவரை அழைத்துச் சீன நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்.

தீவிலும் தமிழகத்திலும்

கோழிக்கோட்டில் சீனக் கப்பல் புறப்பட இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். அவ்விரவு வீசிய புயலில் சீனப் பேரரசர்க்குரிய காணிக்கைகளை ஏற்றியிருந்த கப்பல் உடைந்து பலர் மாண்டனர். அவர் பொருள்களை ஏற்றியிருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுச் சென்றது. பத்துத் தினாரும் படுக்கும் விரிப்பும் மட்டுமே அவரிடம் எஞ்சின.

பின்னர் அவர் மாலத்தீவுகளுக்குச் சென்று அங்கும் காதியானார். அத்தீவுப் பெருநாள் தனியழகு வாய்ந்தது. தலைமை அமைச்சரின் மாளிகையிலிருந்து தொழுகைத் திடல் வரையில் வழியெல்லாம் துணி விரித்திருந்தனர். இருமருங்கும் வீட்டுக்காரர்கள் சிறு தென்னைகளையும் கமுகுகளையும் வாழைகளையும் நட்டு, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, பசுங்காய்களைத் தொங்கவிட்டனர். அமைச்சர் நடந்து செல்கையில் ஒவ்வொரு வீட்டாரும் பட்டையோ பருத்தித் துணியையோ அவர் அடியில் இட்டு மரியாதை செய்தனர். தில்லியில் யானையும் பொன்னும் செய்த வேலையை இங்குத் தென்னையும் வாழையும் செய்தன.

அங்கிருந்து இலங்கைக்குச் சென்று அவர் ஆதம் மலையை ஏறினார். திரும்புகையில் தமிழகக் கடற்கரைக்கு அருகே அவர் சென்ற கலம் உடைந்தது. உயிர் தப்பிக் கரையேறிய அவர், அந்நாளில் மதுரையை ஆண்ட சுல்தானைக் கண்டார். அச்சுல்தான் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். அச்செயலைத் தம் நூலில் கண்டித்தும் உள்ளார். மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் காய்ச்சலால் பீடிக்கப்பட்டு, இறுதி வந்துவிட்டதென்றே எண்ணினார். புளியை நீரில் கரைத்துக் குடித்து அவர் நலம் பெற்றார். நம் இல்லந்தோறும் உள்ள புளி அப்பெரியாரின் உயிரைக் காத்தது.

துயரச் செய்திகள்

சீன நாட்டையும் கண்டபின் இப்னு பதூதா மேற்கு நோக்கித் திரும்பினார். 1348இல் தமஸ்குவை அடைந்தார். அந்நகரில் இருந்த தம் மைந்தன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்னும் செய்தி அவரை வரவேற்றது. தாஞ்சியரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், அவர் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்ததையும் தாய் உயிருடன் இருப்பதையும் தெரிவித்தார்.

அவ்வாண்டு கொள்ளைநோய் மேற்காசியா முழுவதையும் சூறையாடியது. தமஸ்கு மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றனர். பின்னர் முஸ்லிம்களும் யூதரும் கிறித்தவரும் தத்தம் மறைநூல்களை ஏந்தி, வெறுங்காலோடு ஒன்றாய் நடந்து சென்று இறைவனை வேண்டினர். அமீர்களும் அடியாரும், பெண்டிரும் சிறுவரும் அவ்வணியில் இருந்தனர். துன்பம் வந்தபோது சமய வேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை.

மக்காவில் மேலும் ஒரு ஹஜ்ஜை முடித்துக்கொண்டு, 1349ஆம் ஆண்டில் அவர் மொராக்கோவுக்கு வந்தார். எஞ்சியிருந்த தாயையேனும் காணலாம் என்று வந்தவருக்குத் தாசா என்னும் ஊரில் இடிபோன்ற செய்தி கிடைத்தது. சில மாதங்களுக்கு முன் அத்தாயும் கொள்ளைநோயால் இறந்துவிட்டார். அவர் தாஞ்சியருக்குச் சென்று கண்டது தாயின் கல்லறையையே. உலகில் எத்தனையோ அரசர்களின் பந்தியில் அமர்ந்து பெருநாள் விருந்து உண்டவருக்கு, அன்னை கையால் ஒரு பெருநாள் உணவு உண்ணும் பேறு மீண்டும் கிடைக்கவில்லை.

மாலியில் பெருநாள்

அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவைக் கண்டு வந்தார். 1352இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்து, கறுப்பின மக்களின் பேரரசாகிய மாலிக்குச் சென்றார். அரசரின் வரவேற்புப் பரிசு வருகிறது என்று கேட்டு, பொன்னும் ஆடையும் வரும் என எதிர்பார்த்து எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டியும், பொரித்த இறைச்சித் துண்டும், ஒரு சுரைக்குடுக்கைத் தயிருமே! அவர் சிரித்துவிட்டார். அந்நிகழ்ச்சியை மறைக்காது எழுதிய அவர், அம்மக்களின் நேர்மையையும், களவு அச்சமின்றி எவரும் வழிச்செல்லும் பாதுகாப்பையும், தொழுகையில் அவர்கள் காட்டும் ஊக்கத்தையும் புகழ்ந்து எழுதியுள்ளார்.

அங்கும் அவர் இரு பெருநாட்களைக் கண்டார். மக்கள் அனைவரும் வெள்ளாடை உடுத்தி வந்தனர். அரசருக்கு முன்னே செம்பட்டுக் கொடிகள் சென்றன. தொழுகைக்குப் பின் பேருரையாளர் அரபு மொழியில் பேசினார். அவர் அருகே கையில் ஈட்டி ஏந்திய ஒருவர் நின்று, அப்பேருரையின் பொருளை அந்நாட்டு மொழியில் மக்களுக்கு விளக்கினார். தொழுகையின் மொழி எங்கும் ஒன்றே. எனினும், அறிவுரை அவரவர் தாய்மொழியிலேயே நெஞ்சில் பதியும் என்பதை அவ்வழக்கம் காட்டுகிறது.

நூலும் புகழும்

1354இல் அவர் பெஸ் நகருக்குத் திரும்பினார். அவர் கண்டவற்றையெல்லாம் நூலாக்குமாறு மொராக்கோச் சுல்தான் பணித்தார். அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுசய் என்னும் புலவர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சொல்லும் பணி நிறைவெய்தியது. பழைய நினைவைக் கொண்டு கூறியமையால் அந்நூலில் காலமும் இடமும் சில இடங்களில் பிறழ்ந்துள்ளன. மக்கா, தமஸ்கு பற்றிய சில பகுதிகள் அவருக்கு முற்பட்ட பயணராகிய இப்னு ஜுபைரின் நூலைத் தழுவியவை. எனினும், அக்கால மக்களின் வாழ்வை அந்நூலைப் போல் விரிவாகக் காட்டும் நூல்கள் மிகச் சிலவே. 1853 முதல் 1858 வரை அது பாரிசில் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. அதன்பின் உலகறிந்த நூலாயிற்று. அவர் சென்ற தொலைவு 70,000 மைலுக்கும் மேல் இருக்கும் என்று அறிஞர் கணக்கிடுவர். இறுதிக் காலத்தில் மொராக்கோவில் காதியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, 1368ஆம் ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ இயற்கை எய்தினார்.

இப்னு பதூதா கண்ட நாடுகள் பல, மொழிகள் பல, உடையும் உணவும் வெவ்வேறு. ஆயினும், எங்கும் ஒரே பிறை தோன்றியது; எங்கும் ஒரே தொழுகை நிகழ்ந்தது; எங்கும் வறியவர்க்கு வழங்கிய பின்னரே பெருநாள் பெருநாளாயிற்று. தில்லியின் யானைகளும் பட்டுக்குடைகளும் மறைந்தன. ஆனால், தூனிசில் முகமன் கூறிய யாத்திரிகரின் அன்பும், தமஸ்குவில் நோயாளியைப் பேணிய ஆசிரியரின் அறமும் இன்றும் நம் நெஞ்சில் நிற்கின்றன. பெருநாளன்று நம் தெருவில் தனித்து நிற்பார் ஒருவர் இருப்பின், அவரை அணுகி முகமன் கூறி, நம் இல்லத்திற்கு அழைத்தலே அப்பெரும்பயணரின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.